மூன்றாவது தகடு

எங்கள் தெருவில் என்னோடு வளர்ந்தவர்கள் இப்போது பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போமா? சிலர் பெங்களூரில் மகன் வீட்டில், சிலர் சென்னையில், இரண்டு பேர் இன்னும் அதே தெருவில். போனில் பேசினால் முழங்கால் வலியும் சர்க்கரை மாத்திரையும்தான் பேச்சு. இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். என் அப்பாவின் கறுப்புப் பிளஷரை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதன் முன்விளக்குக் கிண்ணத்தில் நம் முகம் பூசணிக்காய் போல உப்பித் தெரிவதைப் பார்க்க முட்டி மோதிக்கொண்டு நிற்போமே, அந்தக் கார்தான்.

அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி, நிலக்கடலை வியாபாரம். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எடை போடுகிறவனிடமும் சாக்கு தைக்கிறவனிடமும் சின்ன வயதில் நிறைய ஏமாந்தவர் என்று அம்மா சொல்வாள். அதனால் எதையும் அளந்து பார்க்காமல் அவர் கையிலிருந்து காசு இறங்காது. அப்படிப்பட்டவர் அளக்காமல் வாங்கிய ஒரே பொருள் அந்தக் கார். வேலூரில் ஒரு வயதான டாக்டர் வீட்டு வேப்பமரத்தடியில் பல வருஷம் நின்றிருந்த வண்டி. ஆடி மாதத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். குடிக்கிற தண்ணீரைக்கூடத் தானே மொண்டு குடிக்காத அப்பா, மறுநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியும் துணியுமாக அதைக் கழுவியதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷமான முகத்தை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

என் அக்காவுக்கு வேலூரில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். கார்த்திகை தீபத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் வருவதாக இருந்தது. ஸ்டேஷனிலிருந்து அவர்களைச் சொந்தக் காரில் அழைத்துவர வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். என்ஜின் ஓடியது. உடம்புதான் துருப்பிடித்திருந்தது. புரட்டாசியில் டிங்கர் வந்தார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தெருவில் யாரும் அதைச் சொன்னதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த லாரி ஷெட்டில் தகடு வேலை செய்கிறவர். ஒல்லியான ஆள். ஒரு பக்கத்துப் புருவம் தீயில் கருகிப் பாதிதான் இருக்கும். அவருடைய மகள் என் வகுப்பில்தான் படித்தாள்.

வந்த அன்று அவர் எந்தச் சாமானையும் வெளியே எடுக்கவில்லை. காரை முன்னாலிருந்து பின்னால் வரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். காதைத் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். சில இடங்களில் கணீரென்றது. சில இடங்களில் ஈரச் சுவரைத் தட்டுவது போலிருந்தது. கதவுக்கு அடியில் காரின் நீளத்துக்கு ஒரு படி ஓடும். வெளியே பார்க்க ஒரே தகடு போலிருக்கும், உள்ளே பெட்டி மாதிரி காலி. அங்கே ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"மேல பாத்தா நல்லாத்தான் இருக்குது மொதலாளி. உள்ள ஒண்ணும் இல்ல. பெயிண்டுதான் புடிச்சிட்டு நிக்குது."

"எத்தினி நாள் ஆவும்?"

"துரு மேல பூசி மூடக் கூடாதுங்க. வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வெக்கணும். ரெண்டு மாசம் வேணும்."

"தீபத்துக்கு வண்டி நிக்கணும்."

"பாக்கறேங்க."

அப்பா இரும்புக் கடைக்குத் தானே போய் மூன்று தகடு வாங்கி மண்டி வண்டியில் ஏற்றி வந்தார். எங்கள் வீட்டை ஒட்டித் தெருவைப் பார்த்தபடி இருந்த கொட்டகையில் வேலை ஆரம்பித்தது.

அந்தச் சத்தமும் வாசனையும் உங்களுக்கும் நினைவிருக்கும். மரச்சுத்தியின் அடி காலையிலிருந்தே தெருவுக்குள் கேட்கும். வெல்டிங் வாயுவுக்காகக் கார்பைடு டிரம்மில் தண்ணீர் விட்டால் அழுகிய பூண்டு மாதிரி ஒரு நெடி கிளம்பும். அந்த நெடியில் என் அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைப்பாள். டிங்கர் பழைய பெயிண்டைத் தீயால் பொசுக்கிச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளி மாதிரித் தகட்டை வெளியே கொண்டுவருவார். அது மழைக்காலம். தீபம் ஏற்றும் மலை பாதி நாள் மேகத்துக்குள் இருந்தது. எவ்வளவு வேலை இருந்தாலும், அன்றைக்குத் தேய்த்த இடத்துக்கு அன்றைக்கே சிவப்புப் பூச்சு அடித்துவிட்டுத்தான் கிளம்புவார்.

"வெறுந்தகடு ஒரு ராத்திரி தாங்காது பாப்பா," என்பார். "ஈரக்காத்து பட்டாலே போதும், காலையில செவந்துபோய் நிக்கும்."

ஐப்பசி முதல் வாரத்தில் ஒருநாள், வெல்டிங் நெருப்பைப் பார்க்கிற ஆசையில் சாக்குத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு பொறி பறந்து வந்து என் பாவாடையில் விழுந்து காசு அளவுக்கு ஓட்டை போட்டது. தொடையில் சுட்டது. கத்திவிட்டேன். அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். கழற்றி வைத்திருந்த கதவு ஓரத்து அலுமினியப் பட்டையை எடுத்து, கால், முதுகு என்று பார்க்காமல் அடித்தார். "இனி இந்தப் பக்கம் வந்த, காலை ஒடிச்சிடுவேன்" என்றார். என் அப்பா கோபத்தில் சொல்வதைச் செய்கிறவர் என்பது தெருவுக்கே தெரியும். டிங்கர் கையில் தீக்குழாயுடன் அப்படியே நின்றார். நீலமாக எரிந்துகொண்டிருந்த சுடர் மஞ்சளாகிக் கரியைக் கக்கியது. அதைத் திருகிச் சரிசெய்யக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் நான் மறுபடி போனேன். தீபாவளி லீவு. மத்தியானம் அப்பா மண்டியில் இருக்கிற நேரம். டிங்கர் என்னைப் பார்த்தார். துரத்தவில்லை. கழுத்தில் தொங்கிய கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து, "இத மாட்டிட்டு எட்ட நில்லு" என்றார். தோல் பட்டை வியர்வையில் ஊறி உப்பு வாடை அடித்தது.

முதல் தகடு முழுக்க முன்பக்கத்து மட்கார்டுகளுக்குப் போயிருந்தது. இரண்டாவது, கதவுகளின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும். அன்று மூன்றாவது தகட்டை நீளவாக்கில் வெட்டி, மடித்து, இடதுபக்கப் படிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பெட்டி. அதை மூடி வெளியே, இரண்டாவது தகட்டில் மிஞ்சிய துண்டு. வெளித்தகட்டை வைப்பதற்கு முன்னால் ஒரு டப்பாவில் ஈயச் செந்தூரத்தையும் ஆளிவிதை எண்ணெயையும் குழைத்தார். அந்த நிறத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பழுத்த கோவைப்பழத்தில் கொஞ்சம் மஞ்சளைக் கலந்த மாதிரி இருக்கும். பிரஷ் பிடித்த கையைத் தோள்பட்டை வரைக்கும் உள்ளே விட்டு, முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டு, தடவித் தடவியே பூசினார். ரொம்ப நேரம் பூசினார்.

"உள்ளதான இருக்குது. யாரு பாக்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

"தண்ணி பாக்கும்" என்றார்.

பிறகு வெளித்தகட்டை வைத்து ஓரமெல்லாம் ஒட்டினார். வெல்டிங் சூட்டில் உள்ளே பூச்சு கருகியிருக்கும் என்று, ஒரு துளை வழியாக அதே கலவையைச் சூடாக்கி ஊற்றி, காரைப் பிடித்து ஆட்டினார். அடியில் நாலு சின்ன ஓட்டைகள் விட்டிருந்தார். மிச்சம் அதன் வழியாகச் சொட்டி வந்து சாக்கில் விழுந்தது. "தண்ணி வர்றத நிறுத்த முடியாது. போறதுக்கு வழி விட்டா நிக்காமப் போயிடும்" என்றார். நான் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினேன்.

இனிச் சொல்லப்போவது உங்களுக்கும் தெரியும். தீபத்துக்குப் பத்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். வலதுபக்கப் படி இன்னும் தொடப்படவில்லை. அதற்கு இன்னொரு தகடு வேண்டும் என்று டிங்கர் கேட்டார்.

"நாலாவதா?" என்றார் அப்பா. "மூணாவது எங்க?"

"அது இந்தப் பக்கத்துக்குப் போச்சுங்க."

அப்பா மண்டிக் கயிற்றை எடுத்துவரச் சொன்னார். காரைத் தெருவுக்குத் தள்ளி, வெயிலில் நிறுத்தி, ஒட்டுப்போட்ட இடத்தையெல்லாம் கயிற்றால் அளந்தார். ஒவ்வொரு அளவையும் உரக்கச் சொன்னார். ஆட்கள் சேர்ந்தார்கள். பெரியவர்கள், பெண்கள், நாம் எல்லோரும்.

"ரெண்டு தகடுதான் வருது. இன்னொண்ணு எங்கயா?"

"உள்ள இருக்குதுங்க மொதலாளி. ரெட்டையா வெச்சிருக்கறேன்."

"தொறந்து காட்டு."

"தொறக்கணும்னா வெட்டணுங்க. வெட்டினா மறுபடி அந்த மாதிரி வராது. எம்மேல நம்பிக்கை இல்லன்னா நான் போயிடறேன். இத மட்டும் வெட்ட மாட்டேன்."

"இருந்தாத்தான வெட்டுவ?"

கூட்டம் சிரித்தது. "லாரி ஷெட்டுல போய்த் தேடுங்க, கெடைக்கும்" என்று யாரோ சொன்னார்கள். மறுபடி சிரிப்பு. அப்பா குனிந்து அடியில் பார்த்து, "இங்க பாருங்க, ஓட்டைய வேற அப்படியே விட்டு வெச்சிருக்கான்" என்றார்.

"அது தண்ணி போறதுக்குங்க."

"நீ உள்ள வெக்கும்போது யாரு பாத்தா? ஒரு ஆளச் சொல்லு."

டிங்கர் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வாசற்படியில் நின்ற என்மேல் அவர் பார்வை வந்து நின்றது. அப்பாவின் பார்வையும் பின்னாலேயே வந்தது.

"நீ பாத்தியா? அங்க போனியா நீ?"

நான் வாயைத் திறப்பதற்குள், "பாப்பா இந்தப் பக்கம் வரவே இல்லீங்க" என்றார் டிங்கர்.

"நான் போவவே இல்லப்பா" என்றேன். தலையையும் ஆட்டினேன்.

அவரை யாரும் அடிக்கவில்லை. அவர் கொட்டகைக்குள் போய்ச் சாமான்களை ஒவ்வொன்றாகச் சாக்குப்பையில் போட்டார். சுத்தி, அரம், கத்தரி, தீக்குழாய். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துப் போட்டார். அதற்கு ரொம்ப நேரம் ஆனது. தெரு முழுக்க நின்று பார்த்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது உள்ளே இரும்பு இடிபடும் சத்தம் முனை திரும்புகிற வரைக்கும் கேட்டது. அந்த வாரமே லாரி ஷெட்டிலும் அவரை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் மகள் பள்ளிக்கு வரவில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். டீச்சர் பதிவேட்டில் ஒரு கோடு போட்டார். அவள் இடத்தில் வேறொருத்தி நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

வலதுபக்கத்தை வேறொரு ஆள் நாலே நாளில் முடித்தான். "பாரு, தகடே கேக்கல" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். கறுப்புப் பெயிண்ட் அடித்ததும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தீபத்தன்று காரில் ஏறி, கூட்டம் இல்லாத ஒரு தெருமுனையில் நிறுத்தி, மலையுச்சியில் சுடர் ஏறியதைப் பார்த்தோம். அம்மா அழுதாள். அக்கா கல்யாணம் நல்லபடியாக நடந்தது, நன்றாகத்தான் வாழ்ந்தாள். பொய் சொன்னதற்கு ஏதாவது கெடுதல் வரும் என்று நான் ரொம்ப நாள் காத்திருந்தேன். தூக்கத்தில் எழுந்து அம்மாவின் மூச்சைத் தொட்டுப் பார்ப்பேன். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் பார்த்தது உண்மைதானா, அந்தத் தகட்டைப் பிறகு வெளியே எடுத்திருப்பாரோ என்று. அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது. அந்தச் சௌகரியத்திலேயே படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் பண்ணிக்கொண்டேன், பேரப்பிள்ளை பார்த்தேன்.

அப்பா போன பிறகு கார் மண்டிக் குடோனில் நின்றது. என் தம்பி பேங்க்கிலிருந்து ரிட்டயர் ஆனதும் அதைப் பழையபடி ஆக்க வேண்டும் என்று கிளம்பினான். டிங்கர் வந்த வருஷம் அவன் கைக்குழந்தை. அவனுக்கு எதுவும் தெரியாது. அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு ஷெட்டில் விட்டான். அடி அண்ணாமலையைச் சேர்ந்த மெக்கானிக், முப்பது வயதுகூட இருக்காது, பழைய வண்டி என்றால் உயிரை விடுகிறவர். போன மாதம் தம்பி என்னையும் அழைத்துக்கொண்டு போனான்.

பெயிண்டை முழுக்க உரித்திருந்தார்கள். வலதுபக்கப் படியை மெக்கானிக் கிரைண்டரால் அறுத்துப் பிளந்தார். விரல் தடிமனுக்குப் பட்டி பூசியிருந்தது. அதற்குப் பின்னால் தகடே இல்லை. உருண்டை உருண்டையாகச் செய்தித்தாள், சாக்குத் துணி, தார். இழுக்க இழுக்க வந்தது. கடைசியில் துரு, மிளகாய்த்தூள் மாதிரி, ஒரு கூடை நிறைய.

"ரெண்டு பக்கமும் இப்படித்தான் இருக்கும்" என்றான் தம்பி.

மெக்கானிக் இடதுபக்கத்தைத் தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார். உள்ளங்கை அளவுக்கு மட்டும் ஒரு ஜன்னல் மாதிரி அறுத்து, செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் அவர் நிமிரவில்லை.

"இது யாரும்மா செஞ்சது?" என்றார். "ரெட்டைத் தகடு வெச்சிருக்காரு. உள்ள முழுக்க செந்தூரம். ஒரு புள்ளி துரு இல்ல. தண்ணி போறதுக்கு வழி கூட விட்டிருக்காரு. இத வெட்டினதே தப்புன்னு இருக்குது எனக்கு."

நானும் குனிந்து பார்த்தேன். அதே நிறம். கை போன திசையெல்லாம் பிரஷ் கோடுகள்.

"அப்பா நல்ல ஆளாப் பாத்துத்தான் வெச்சிருக்காரு" என்றான் தம்பி, சந்தோஷமாக.

நான் அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். காரை ஓரம் கட்டிக் கேட்டான். கடைசியில், "விடுக்கா. எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க" என்றான்.

எல்லோரும் போய்விடவில்லை. மறுநாள் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனேன். அந்தக் காலத்தில் கார் தகடு வேலை செய்த டிங்கர் வீடு என்று நாலு பேரிடம் கேட்டதில் ஒருவருக்குத் தெரிந்தது. அவர் மகள் வாசலில் சாக்கு விரித்து மல்லாட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. கனமான கண்ணாடி. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று பிறகு தெரிந்தது. மண்டி வீட்டுப் பெண் என்று சொன்னதும் கை நின்றது. கொஞ்சம் கழித்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

காரைத் திறந்தது, மெக்கானிக் சொன்னது, உள்ளே இருந்த நிறம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மல்லாட்டையைத் துழாவிக்கொண்டே கேட்டாள்.

"எங்கப்பா வேல நல்லா செஞ்சிருக்காருன்னு நீங்க வந்துதான் எங்களுக்குச் சொல்லணுமா?" என்றாள். "அது எங்களுக்குத் தெரியாதுங்களா?"

"அவர் அதை வைக்கும்போது நான் பார்த்தேன்" என்றேன். "கேட்டப்போ பார்க்கலன்னு சொல்லிட்டேன்."

"அதுவும் தெரியும்."

நான் அவளையே பார்த்தேன்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொன்னாரு. எங்கம்மா சண்ட போட்டுது. அந்தப் பொண்ணு பாத்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மானம் போயிருக்காதேன்னு. அதுக்கு அவரு சொன்னாரு, 'சொன்னா அதும் கால ஒடிப்பான் அந்த ஆளு. எனக்கு வேற ஊரு கெடைக்கும். அந்தப் புள்ளைக்கு வேற அப்பன் கெடைப்பானா'ன்னு."

பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று சாக்கில் ஏறியது. அவள் கையை வீசி விரட்டினாள். வேறு ஊரில் அவர் பெட்டி செய்தார், தானியக் குதிருக்குத் தகடு அடித்தார், காரை மட்டும் சாகிற வரைக்கும் தொடவில்லை என்று சொன்னாள். மண்டி வீட்டுக்காரர் அளந்த அளவுகளைச் சில நாள் காய்ச்சலில் தானாகச் சொல்லிக்கொண்டிருப்பாராம்.

"என்னை மன்னிச்சிடு" என்றேன்.

அதுவரை 'நீங்க' என்று பேசியவள், கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் பேசிய மாதிரிப் பேசினாள்.

"நானும் அன்னிக்கு அங்கதான் நின்னேன். அப்பாவுக்கு சோறு எடுத்துட்டு வந்தேன். கையில தூக்குச்சட்டி. நீ என்னப் பாக்கல. நடுத்தெருவுல நிக்க வெச்சிக் கேட்டாங்க, அத்தினி பேரு சிரிச்சாங்க. நீ இத்தினி வருசம் கழிச்சி வந்து எங்காதுல ரகசியமா சொல்ற. எனக்கு எதுக்கு? அந்தத் தெருவுல போய்ச் சொல்லு."

"அப்போ இருந்த பெரியவங்க யாரும் இப்போ இல்லையே."

"நம்ம வயசுப் புள்ளைங்க நின்னு சிரிச்சுதுங்களே. அதுங்க எங்கயாவது இருக்கும்ல? அதுங்ககிட்ட சொல்லு."

கிளம்பும்போது அவள் வாசல்வரை வரவில்லை. காய்ந்த மல்லாட்டையைச் சாக்கில் அள்ளத் தொடங்கியிருந்தாள்.

அப்பாவைப் பற்றி இப்படி எழுத வேண்டுமா என்று தம்பி கேட்கிறான். நியாயமான கேள்விதான். அப்பா கெட்டவர் இல்லை. தன் கயிற்றுக்குள் வராததை அவரால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கயிற்றுக்குள் வராததைக் கண்ணால் பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் நான்.

ஆகவே, அந்த ஞாயிற்றுக்கிழமை நம் தெருவில் நின்ற எல்லோருக்கும் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் அந்தக் கதையை எப்படிச் சொல்லியிருந்தாலும், இனி இப்படிச் சொல்லுங்கள். மூன்றாவது தகடு காருக்குள்தான் இருந்தது. அவர் அதை வைத்ததை நான் பார்த்தேன். கேட்டபோது பொய் சொன்னேன். டிங்கர் திருடவில்லை.